நடுகல்லும் கணிப்பொறிக் களமும்

முன்னுரை

போரிற் பட்ட வீரரை மறவாது போற்றுதல் உலகின் எல்லா மக்களிடத்தும் காணப்படும் வழக்கமாகும். அப்போற்றுதலுக்குரிய கருவி மட்டுமே காலந்தோறும் மாறி வந்துள்ளது. கல், செப்பேடு, கதைப்பாடல், அச்சு நூல், திரைப்படம் என வளர்ந்த அவ்வரிசையில் இன்று கணிப்பொறி விளையாட்டும் சேர்ந்துள்ளது. இளைஞர் பலர் இரண்டாம் உலகப் போரை முதன்முதலிற் காண்பது வரலாற்று நூலில் அன்று. தாமே துப்பாக்கி ஏந்திச் சுடுவதுபோல் அமைந்த திரை விளையாட்டிலேயாம். ஆகவே எந்தப் படை அத்திரையில் இடம்பெறுகின்றது, எது விடப்படுகின்றது என்னும் வினா, விளையாடுவோர்க்கு மட்டும் உரிய வினாவாக நின்றுவிடவில்லை. வரலாறு பயில்வோர்க்கும் உரியதாகின்றது.

அமெரிக்க நாட்டுச் சப்பானியரைக் கொண்டு அமைந்த 442ஆம் காலாட்படைப் பிரிவினை இத்தகைய விளையாட்டுகளிற் சேர்த்தல் வேண்டும் என்னும் விருப்பம் அவற்றில் ஈடுபட்டோரிடையே எழுந்துள்ளது. அவ்விருப்பத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று நோக்கின், நம் நாட்டு வரலாற்றைப் பற்றியும் சில உண்மைகள் புலனாகும். வீரனைக் கல்லில் நிறுத்தும் முறைக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு இப்புதிய வழக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஐயுறப்பட்டோர் படை

1941 டிசம்பர் 7ஆம் நாள் சப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அதன்பின் அமெரிக்காவில் வாழ்ந்த சப்பானிய மரபினர் அனைவரும் ஐயத்திற்கு உள்ளாயினர். 1942 பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டு பிறப்பித்த 9066ஆம் ஆணையின் விளைவாக, மேலைக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் நிலமும் விட்டு முள்வேலி சூழ்ந்த முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் பெரும்பான்மையோர் அமெரிக்க மண்ணிற் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்.

இந்நிலையிலேயே அவ்வினத்து இளைஞரைக் கொண்டு தனிப்படை அமைக்கப்பட்டது. அவாய்த் தீவினரைக் கொண்ட 100ஆம் காலாட்படைப் பகுதி 1942 சூன் திங்களில் உருவாயிற்று. 442ஆம் படைப்பிரிவு 1943 பிப்ரவரி முதல் நாளில் தோற்றுவிக்கப்பட்டது. முன்னது 1943 செப்டம்பரில் இத்தாலியில் இறங்கிக் கசீனோ முதலிய களங்களிற் பொருதது. பின்னர் 1944இல் இரண்டும் ஒன்றாயின. 1944 அக்டோபரில் பிரான்சு நாட்டு வோசுமலைக் காட்டில் பகைவரால் சூழப்பட்டிருந்த டெக்சாசுப் படைப் பகுதியினரை இவர்கள் மீட்டனர். மீட்கப்பட்டோர் 211 பேர். மீட்கச் சென்றோருள் மாண்டோரும் புண்பட்டோரும் ஏறத்தாழ 800 பேர் என்பர். மகன் களத்தில் குருதி சிந்தத் தாயும் தந்தையும் அந்நாட்டு அரசாலேயே சிறை வைக்கப்பட்டிருந்த நிலை, போர் வரலாற்றில் அரிதாகக் காணப்படுவதாகும்.

அளவாலும் பணிபுரிந்த காலத்தாலும் நோக்க, அமெரிக்கப் படைகளுள் மிகுதியான விருதுகள் பெற்றது இப்படையே என்பர். ஆயினும் பெருமை முழுவதும் உடனே வழங்கப்பட்டிலது. அந்நாட்டின் மிகவுயர்ந்த வீர விருதாகிய மதிப்புப் பதக்கம் போரையடுத்து 1946இல் இப்படையினர் ஒருவர்க்கே கிடைத்தது. அவரும் களத்தில் மாண்டவர். ஆவணங்கள் மீண்டும் ஆராயப்பட்டபின், 2000ஆம் ஆண்டில் மேலும் 20 பேர் அதனைப் பெற்றனர். முகாமில் அடைத்தது தவறென்று அமெரிக்க அரசு 1988இல் சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டது. வீரமும் அதற்குரிய ஏற்பும் ஒரே காலத்தில் நிகழ்வன அல்ல. இரண்டிற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2. திரைக்களத்தின் போக்கு

இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட சுடுதல் விளையாட்டுகள் 1999இல் வெளிவந்த 'மெடல் ஆப் ஆனர்', 2003இல் வெளிவந்த 'கால் ஆப் டூட்டி' ஆகியவற்றின் வழியே பரவலாயின. இவ்வகை விளையாட்டுகளிற் புறக்கணிக்கப்பட்டோர் நுழைந்தமைக்கு இரண்டு சான்றுகள் குறிக்கத்தக்கன. 2016இல் வெளிவந்த 'பேட்டில்பீல்டு 1' என்னும் விளையாட்டு, ஆர்லெம் பகுதியைச் சார்ந்த கறுப்பினத்தவரின் 369ஆம் காலாட்படையைத் தன் தொடக்கப் பகுதியில் அமைத்துள்ளது. அங்கே ஆடுவோன் ஏற்ற வீரன் வீழ்ந்துபடுந்தோறும், அவ்வீரனுடைய பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் திரையில் தோன்றும். ஆட்டம் அடுத்த வீரனிடம் செல்லும். 2018இல் வெளிவந்த அதன் மற்றொரு பகுதி, பிரான்சு நாட்டை மீட்கப் பொருத ஆப்பிரிக்கக் காலாளரின் கதையைக் கூறுகின்றது.

தமிழரும் இத்திரைக்கு முற்றும் அயலார் அல்லர். அரசுகளை அமைத்துப் போரிடும் வகையைச் சார்ந்த 'ஏச் ஆப் எம்பயர்சு' விளையாட்டின் இரண்டாம் பகுதிக்கு 2022இல் வெளிவந்த இணைப்பில், திராவிடர் ஒரு மக்களினமாகவும், முதலாம் இராசேந்திரன் போர்ச் செலவுகள் ஒரு கதைத் தொடராகவும் சேர்க்கப்பட்டன. அதில் வரும் தனிச்சிறப்புடைய போர்வீரன் சுருள்வாள் வீரன் ஆவான். இங்கு ஒன்று கருதத்தக்கது. அரசனுக்குப் பெயர் உண்டு. வீரனுக்குக் கைக்கருவியே பெயர். இவ்வேறுபாடு கணிப்பொறி விளையாட்டில் தோன்றியது அன்று. நம் போர் வரலாற்றிலேயே வேரூன்றியது. அதனைக் காண நாம் நடுகற்களிடம் செல்லுதல் வேண்டும்.

3. பழஞ்சேலத்து நடுகற்கள்

பழைய சேலம் மாவட்டம் பரந்துபட்டது. தருமபுரி 1965ஆம் ஆண்டிலும் நாமக்கல் 1997ஆம் ஆண்டிலும் அதனின்று பிரிந்தன. சங்ககால அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. வல்வில் ஓரியின் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. நாமக்கல் குன்றின் குடைவரைகள் அதியர் குலத்தின் நினைவைத் தாங்குவன. ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிற்று எனப் புறநானூற்றுப் புலவர் வன்பரணர் பாடுவர். வேட்டையிலும் போரிலும் குறிதவறாமையைப் பாடிப் போற்றும் சுவை இந்நிலத்திற்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளும் அவற்றை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்கள் மிகுந்தவை. தமிழ்நாட்டரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை செங்கம் நடுகற்களை 1972இல் நூலாக வெளியிட்டது. இக்கற்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே வகையினது. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அவன்கீழ் ஆண்ட தலைவன் பெயர் அடுத்து வரும். ஆநிரை கவரப்பட்ட அல்லது மீட்கப்பட்ட செய்தி அதன்பின் வரும். இறுதியில் பட்ட வீரனின் பெயர் நிற்கும். அரசன் பெயர் காலத்தைக் காட்டும் அளவுக்கே பயன்படுகின்றது. கல் நின்றதோ வீரனுக்காக.

செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல் இதனினும் வியப்பிற்குரியது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனைக் குறிப்பதோடு அமையாது, கள்வரைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் கோவிவன் எனப் பெயர் சுட்டிக் குறிக்கின்றது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார் தம் நிரை காத்த நாயின் பெயரும் மறைந்து போதல் கூடாது என்று எண்ணினர்.

இவ்வழக்கத்தை ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுக்கும். கல்லைத் தேடிக் காண்டல் காட்சி, அதனைக் கொண்டுவரத் தொடங்குதல் கால்கோள், நீரிலிட்டுத் தூய்மை செய்தல் நீர்ப்படை, பெயரும் பெருமையும் பொறித்து நிறுத்துதல் நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை, போற்றுதல் வாழ்த்தல். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகள் சிலவற்றின் பெயர்களும் இத்துறைகளை ஒட்டியே அமைந்தன. கல் ஒன்றை நிறுத்துதற்கு முன்னே மூன்று படிகள் உள்ளன என்பதை உற்று நோக்குக. தேர்தலும் கொணர்தலும் தூய்மை செய்தலும் முடிந்த பின்னரே நடுதல் நிகழும். வாழ்த்தோ எல்லாவற்றிற்கும் இறுதியில் வருவது.

4. தொகையாகிப் போன வீரர்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டன. கம்பெனியின் சென்னைப் படை 1803இல் அசேயிப் போரில் சிறப்புற்றது. அதே கம்பெனி அரசு 1805இல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது. ஆகவே சென்னைக் காலாட்படையின் வரலாறு முழுவதும் போற்றற்குரியது என்றோ, முழுவதும் இகழ்தற்குரியது என்றோ ஒரு சொல்லில் முடித்தல் இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படையின்மீது ஒரு பழி சுமத்தப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தலைவராகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படைத் தலைவராகவும் இருந்த இராபர்ட்சு பிரபு, தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர் என்றும், வடமேற்குப் பகுதியினரும் கூர்க்கரும் போன்றோரே போர்க்குடியினர் என்றும் கருதினார். இக்கொள்கை படையில் ஆள் எடுக்கும் முறையையே மாற்றியது. சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1928ஆம் ஆண்டளவில் முற்றும் கலைக்கப்பட்டன.

இக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு; அதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை நிலைகுலைந்து பின்வாங்கியது. ஆனால் போர்க்குடியினர் எனப் போற்றப்பட்ட 13ஆம் இராசபுத்திரர் படையும் அதே களத்தில் நிலைகுலைந்தது. எனவே காரணம் குடிப்பிறப்பில் இல்லை. அச்செலவை நடத்தியோரின் முறையற்ற ஏற்பாட்டிலும் வீரர்க்குப் போதிய பயிற்சி இன்மையிலும் உள்ளது என்பதே பொருந்துவதாகும். கலைக்கப்பட்ட சென்னைப் படை 1941இல் மீண்டும் அமைக்கப்பட்டுப் பர்மாப் போர்முனைக்குச் சென்றது. விடுதலைக்குப் பின் 1947-48ஆம் ஆண்டுக் காசுமீரப் போரிலும் 1971ஆம் ஆண்டுப் பசந்தர் ஆற்றுப் போரிலும் அது பெருமை பெற்றது. கொள்கை பொய்யென்பதைக் களமே காட்டியது.

442ஆம் படையோடு இதனை ஒப்பிடுவோமாயின் ஒற்றுமையும் வேற்றுமையும் விளங்கும். சப்பானிய மரபினர்மீது சுமத்தப்பட்ட ஐயம் நாட்டுப்பற்றைப் பற்றியது. தமிழர்மீது சுமத்தப்பட்ட ஐயம் நெஞ்சுறுதியைப் பற்றியது. இரண்டிலும் தனிமனிதனை ஆராயாது குலத்தை நோக்கித் தீர்ப்புக் கூறப்பட்டது. ஆனால் அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. நம்மவர்க்குக் கிடைத்தது தொகை.

இதற்குச் சான்று இந்நாட்டு ஊர்களிலேயே உள்ளது. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு ஊர்தோறும் பதித்த கற்பலகைகளை இன்றும் தமிழகத்திற் பல இடங்களிற் காணலாம். இவ்வூரினின்று இத்துணைப் பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்துணைப் பேர் உயிர் துறந்தனர் என்பதே அவற்றின் செய்தி. பெயர் ஒன்றும் இராது. இராக்கு நாட்டுப் பசுரா நினைவுச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகள் பெயராற் குறிக்கப்பட்டனர். ஏனைய இந்திய வீரர் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய ஏற்றத்தாழ்வு பல நாடுகளில் நிகழ்ந்ததென்பதைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய் பெற்ற சிறப்பை இருபதாம் நூற்றாண்டில் ஒரு மனிதன் பெற்றிலன்.

5. இருபாலும் தமிழர்

திரைக்களத்தில் தமிழ் வீரரைச் சேர்க்க முற்படின் வேறொரு சிக்கலும் எழும். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர் பிறந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1943இல் நேதாசி தலைமையேற்ற இந்திய தேசியப் படையில் அத்தோட்டத் தொழிலாளர் பலர் சேர்ந்தனர். அவ்வாண்டு சிங்கப்பூரில் கேப்டன் இலட்சுமி தலைமையில் அமைந்த சான்சி ராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். அதே காலத்தில் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலும் தமிழர் பணிபுரிந்தனர். பர்மாப் போர்முனையில், ஒரு மாவட்டத்தாராகவும் ஒரு மொழியினராகவும் இருந்தோர் இருவேறு கொடிகளின்கீழ் நின்றனர்.

சுடுதல் விளையாட்டோ இரண்டு அணிகளால் ஆயது. ஓரணி நம்மது; மற்றையது பகை. சேலத்து இளைஞன் ஒருவன் இப்போர்முனையைத் திரையில் ஆடுவானாயின், அவன் எவ்வணியிற் சேர்ந்தாலும் எதிரணியில் தன் ஊரானைக் காண நேரும். விளையாட்டின் இலக்கணம் இதனைத் தாங்குமா என்பது ஐயத்திற்குரியது. நடுகல்லின் இலக்கணம் தாங்கும். ஆநிரை கவர்ந்து பட்டவனுக்கும் கல் உண்டு. மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. வெட்சியும் கரந்தையும் ஒருங்கே மதிக்கப்பட்டன. பகைவனை மனிதனாக ஏற்கும் இப்பண்பே நம் மரபு புதிய கலைக்கு அளிக்கத்தக்க பெருங்கொடை என்போம்.

6. ஆறு துறை கொண்டு அளத்தல்

இனி, ஒரு படையைத் திரைக்களத்திற் சேர்ப்பதற்கு அவ்வாறு துறைகளும் எவ்வாறு உதவும் என்பதைக் காண்போம்.

காட்சியாவது, சான்றின் வழித் தேர்தல். விருதுகள் மிகுந்தமை ஒன்றே ஒரு படையைத் தேர்தற்குக் காரணமாதல் ஆகாது. விருது வழங்கியோரின் மனப்போக்கும் அதிற் கலந்திருக்கும் என்பதை 1946க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலம் காட்டியது. கால்கோளாவது, அவ்வீரர் எங்கிருந்து வந்தனரோ அந்நிலத்தையும் உடன் கொணர்தல். முள்வேலி முகாமைக் காட்டாது வோசுக் காட்டை மட்டும் காட்டின், 442ஆம் படை சீருடை மாறிய மற்றொரு படையாகவே எஞ்சும். நீர்ப்படையாவது, புனைவையும் மிகைக் கூற்றையும் கழுவுதல். தாங்காவை மறைத்துப் பசந்தரை மட்டும் கூறுவோர் இத்துறையைக் கடந்தவர் ஆகார்.

நடுதலாவது, பெயர் பொறித்தல். முற்கூறிய ஆர்லெம் பகுதி இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. வீழ்ந்தவன் பெயரை அறியாது ஆட்டம் அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை. பெரும்படையாவது, வீரனின் சுற்றத்தார்க்கும் ஊரார்க்கும் உரிய பங்கை அளித்தல். அவர்தம் ஒப்புதலும் நினைவும் கேட்டறியாது அமைக்கும் களம் படையலற்ற கல்லை ஒக்கும். வாழ்த்தல் இறுதியது. இன்றைய திரைக்களங்கள் பல வாழ்த்தில் தொடங்கி வாழ்த்திலேயே முடிவதால், ஏனைய ஐந்தும் விடுபடுகின்றன.

சாவை விளையாட்டாக்குதல் தகுமோ என்று வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. நடுகல்லில் நின்றவன் ஒருமுறையே இறந்தான். திரையில் வீழ்ந்தவன் மறுகணமே எழுகின்றான். அதனால் உயிரின் அருமை குன்றும் என்பது உண்மையே. ஆயினும் விளையாட்டுகள் வந்துகொண்டே இருக்கும் காலத்தில், நல்லோர் விலகி நிற்பதால் அக்களம் மேலும் வெறுமையே அடையும். ஆகவே கருதத்தக்கது, எதனைச் சேர்ப்பது என்பதினும் எவ்வாறு சேர்ப்பது என்பதேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஐயுறப்பட்டோரின் வீரம் ஏற்கப்படுதற்கு ஆவணமும் பெயர்ப்பட்டியலும் இன்றியமையாதன. 442ஆம் படை அரை நூற்றாண்டு கழித்தேனும் நீதி பெற்றது அவை இருந்தமையால். இரண்டாவது, பெயரின்றித் தொகையாக நிற்கும் நம் வீரரை எவ்வளவு சிறந்த திரைக்கலையாலும் எழுப்புதல் இயலாது. சுருள்வாள் வீரனைப் போல அவர் கைக்கருவியாகவே எஞ்சுவர். மூன்றாவது, நடுகல்லின் ஆறு துறைகள் பழம்பொருளாக ஒதுக்கத்தக்கன அல்ல. இன்றும் பயன்படும் அளவுகோல்கள் ஆகும்.

சென்னைப் படைவீரனைத் தம்பி என அன்போடு அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இனிய சொல், ஆயினும் உறவுப்பெயரே அன்றி இயற்பெயர் அன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்களில் ஓய்வூதிய ஏடுகளும் பழைய கடிதங்களும் பதக்கங்களும் பல இல்லங்களில் அடுக்குப்பானைக்கும் மரப்பெட்டிக்கும் இடையே கிடக்கின்றன. மலேயாவினின்று மீளாதவரின் பெயரை இன்னும் திவசத்தில் மட்டும் சொல்லும் குடும்பங்களும் உள. தமிழ் பயிலும் மாணவர் ஊர்தோறும் சென்று இருபாலும் நின்று பொருத அவ்வீரர்தம் பெயர்களைத் திரட்டுவாராயின், அதுவே காட்சியும் கால்கோளும் ஆகும். நீர்ப்படையை ஆராய்ச்சியாளர் செய்வர். அதன்பின் நடுவது கல்லிலாயினும் ஆகுக, திரையிலாயினும் ஆகுக. நாட்டத் தகுந்த பெயர் நம் கையில் இருக்கும்.